வேலையை விடும் முன் ஒரு மழைக்காலம் அங்கே இருந்து பாருங்கள்

பெயர், ஊர் எதையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு ஓர் ஓவியர் எழுதியிருக்கிறார். கையால் எழுதிய நான்கு பக்கக் கடிதம். அதன் சாரம் இது.

அவருக்கு வயது 43. 17 ஆண்டுகளாக ஒரு பெருநகரத்து விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருக்கிறார். வீடு கட்டி விற்பவர்களின் விளம்பரங்களுக்குப் பின்னணி வரைவதுதான் பெரும்பாலும் வேலை. இன்னும் எழும்பாத கட்டடத்துக்குப் பின்னால் இல்லாத ஏரி, யாரும் நடாத மரங்கள், எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி விழும் வெயில். "நிலக்காட்சி ஓவியன் ஆக ஆசைப்பட்டுத்தான் படித்தேன். உலகத்தில் இல்லாத நிலத்தை வரைந்து சம்பளம் வாங்குகிறேன்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன் எழுந்து, புத்தக அளவு மரப்பலகை ஒன்றை எடுத்துக்கொண்டு நகரத்தின் விளிம்புக்குப் போய், இரண்டு மணி நேரம் தைலவண்ணத்தில் வரைகிறார். அப்படி 60 பலகைகள் சேர்ந்திருக்கின்றன. இதுவரை யாருக்கும் காட்டியதில்லை. மனைவி வேலைக்குப் போகிறார். மகளுக்கு 11 வயது. இருக்கும் சேமிப்பில் 14 மாதம் குடும்பம் நடத்தலாம். ஆறு மணி நேரப் பயணத்தில், ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில் பழைய வீடு ஒன்று வாடகைக்கு வருகிறது. மூன்று ஆண்டு ஒப்பந்தம் போட வேண்டும், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர்.

அவர் கேட்பவை மூன்று. வேலையை விட்டுவிட்டுப் போவது சரியா? இத்தனை ஆண்டு விளம்பர வேலை என் கையைக் கெடுத்துவிட்டதா? இதுவரை வரைந்தவற்றில் எது என்னுடையது, எது நிறுவனத்துடையது?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நகரத்தைப் பற்றியும் அலுவலகத்தைப் பற்றியும் மூன்று பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறீர்கள். போகப்போகும் இடத்தைப் பற்றி ஐந்தே வரி: ஆறு இருக்கிறது, அமைதியாக இருக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது, வாடகை குறைவு, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். இந்த ஐந்து வரிகளும் எந்த ஆற்றங்கரைக்கும் பொருந்தும். அங்கே என்ன மரம் நிற்கிறது, மாலையில் வெளிச்சம் எந்தப் பக்கம் சாய்கிறது, கரையில் மண் என்ன நிறம் என்று ஒரு சொல் இல்லை. நிலக்காட்சி வரைபவர் எழுதிய கடிதம் என்பதால் இது என் கண்ணில் பட்டது.

ஆனால் மூன்றாவது பக்கத்தின் ஓரத்தில் குறுக்காக ஒன்று எழுதியிருக்கிறீர்கள். புறநகர்க் குட்டை ஒன்றின் கரையில் வரைந்துகொண்டிருந்தபோது, ஈர வண்ணத்தில் ஒரு புல் விதை பறந்து வந்து ஒட்டிக்கொண்டது. எடுக்க மனம் வராமல் விட்டுவிட்டீர்கள். இப்போது அந்த விதையைச் சுற்றி வண்ணம் லேசாகச் சுருங்கி இறுகியிருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் விரலுக்குத் தட்டுப்படுகிறது, அதைத் தொட்டால் அன்றைய காற்று ஞாபகம் வருகிறது என்கிறீர்கள். கடிதத்தில் ஓவியர் வாய்திறந்து பேசும் இடம் இதுதான். மற்ற பக்கங்களில் பேசுபவர் களைத்துப்போன ஓர் ஊழியர். இரண்டு பேரும் நீங்கள்தான், இரண்டு பேரின் பேச்சிலும் பொய் இல்லை. ஆனால் களைப்புக்கு வேண்டிய மருந்து வேறு, ஓவியத்துக்கு வேண்டிய இடம் வேறு. இரண்டையும் ஒரே வாடகை வீட்டில் தேடினால் இரண்டுமே கிடைக்காமல் போகலாம். மனநல ஆலோசகராக இதே மாதிரி முடிவோடு வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஓடிப் போனவர்களுக்கும் தேடிப் போனவர்களுக்கும் முதல் மூன்று மாதம் ஒரே மாதிரி இன்பமாகத்தான் இருக்கும். அதற்கப்புறம்தான் வித்தியாசம் தெரியும்.

அதனால் முதலில் ஒரு சின்ன வேலை. சேர்ந்திருக்கும் விடுப்பை எடுத்து மூன்று வாரம் ஓய்வெடுங்கள். எங்கேயும் போக வேண்டாம், வரைய வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். நன்றாகத் தூங்குங்கள். மூன்று வாரம் கழித்தும் பலகையை எடுத்துக்கொண்டு வெளியே போகத் தோன்றினால், அந்த ஆசையை நம்பி மேலே பேசலாம். அலுவலகத்தை நினைக்கும்போது மட்டும் கிராமம் ஞாபகம் வந்தால், முதலில் மாற வேண்டியது வேலையின் சுமைதான். தூக்கமே வராமல் போவது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது இவை தொடர்ந்தால் மருத்துவரை நேரில் பாருங்கள். இடமாற்றத்தால் அது தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள்.

கை கெட்டுப்போகவில்லை

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்களை அதிகம் வதைப்பது அதுதான் என்று தெரிகிறது.

அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1857இல் தொடங்கி 1870களின் நடுப்பகுதி வரை 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' வார இதழுக்குப் படம் வரைந்தார். அவர் வரைந்ததை மரக்கட்டையில் செதுக்கி அச்சிடுவார்கள். எது கறுப்பு, எது வெளுப்பு என்று குழப்பமில்லாமல் பிரித்துக் காட்டாவிட்டால் அச்சில் எல்லாம் கூழாகிவிடும். பின்னாளில் அவர் தீட்டிய கடல் ஓவியங்களில் பாறையின் இருட்டும் நுரையின் வெளுப்பும் முகத்தில் அறைகிற மாதிரி பிரிந்து நிற்பதைப் பார்க்கும்போது, அது பத்திரிகை வேலை கொடுத்த கை என்றே எனக்குத் தோன்றுகிறது. மெய்ன் மாநிலக் கடற்கரையில் ப்ரௌட்ஸ் நெக் என்ற இடத்தில் அவர் குடியேறியது 1883இல், அதாவது பத்திரிகை வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து. இடையில் 1881, 82 ஆண்டுகளில் இங்கிலாந்தில் கல்லர்கோட்ஸ் என்ற மீனவர் ஊரில் தங்கி வரைந்து பார்த்திருந்தார்.

கனடாவின் டாம் தாம்சனும் அப்படித்தான். டொரன்டோவில் 'கிரிப்' என்ற வணிக வடிவமைப்பு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களில் ஐந்து பேர் 1920இல் 'குரூப் ஆஃப் செவன்' என்ற நிலக்காட்சி ஓவியர் குழுவின் தொடக்க உறுப்பினர்களானார்கள். எழுத்து வடிவமும் அலங்காரப் பட்டையும் வரைந்து பழகிய அந்தக் கைகள்தான் கனடாவின் காட்டை அந்த நாட்டு மக்களுக்கே காட்டின.

அதனால் 17 ஆண்டுகள் வீண் என்று சொல்லாதீர்கள். வேகம், வடிவமைப்பு, ஒரு படத்தை முடித்தே தீருவது, இவை எல்லாம் சம்பளத்தோடு கிடைத்தவை. கெட்டிருக்கக்கூடியது ஒன்று உண்டு. விளம்பரத்தில் மரம் சொன்ன இடத்தில் நிற்கும். வெளியில் அது நிற்கிற இடத்தில்தான் நிற்கும், நாம்தான் இடம் மாறி உட்கார வேண்டும். பார்ப்பவருக்குப் பிடிக்கும்படி எதைச் சேர்க்கலாம், எதை அழிக்கலாம் என்று யோசிக்கிற பழக்கம் கண்ணில் இருக்கிறது. அது போக நாளாகும். கிராமத்துக்குப் போனதும் போய்விடாது. அழகான ஆற்றங்கரை அந்தப் பழக்கத்துக்கு இன்னும் தீனி போடும் என்றுகூடச் சொல்லலாம்.

இதற்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 22 ஆண்டுகளில் லண்டனின் விளிம்பில் இருந்த ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை மட்டுமே வரைந்து தள்ளினார். அந்தச் சின்னப் படங்கள் பலவற்றின் பின்பக்கம் தேதி, நேரம், காற்று எந்தத் திசை என்று குறித்து வைத்தார். வாங்குபவரை நினைத்துச் செய்த வேலை இல்லை அது. நீங்களும் அடுத்த பத்துப் பலகைகளின் பின்னால் அதை எழுதுங்கள். படத்தில் மின்கம்பி வந்தால் வரட்டும். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை நடுவில் நின்றால் நிற்கட்டும். கான்ஸ்டபிளின் புகழ்பெற்ற 'தி ஹே வெய்ன்' கிராமத்து ஆற்றுக்காட்சிதான். ஆனால் 1821இல் அதை அவர் தீட்டி முடித்தது லண்டனில் இருந்த தன் ஓவியக்கூடத்தில், பிறந்த மண்ணில் எடுத்த ஸ்கெட்சுகளை வைத்து. கிராமத்தில் குடியிருந்தால்தான் கிராமத்தை வரைய முடியும் என்பது உண்மையல்ல.

அந்தக் கிராமம் காலியாக இல்லை

"யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்" என்ற உங்கள் வரியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு நாள் போய் வந்திருக்கிறீர்கள், வானம் வெளுத்திருந்த நாட்களில். நீங்கள் வரைய ஆசைப்படும் அந்த வயல் ஒரு குடும்பத்தின் பிழைப்பு. உங்களுக்கு அழகாகத் தெரியும் கருமேகம் அறுவடைக்கு நிற்கும் பயிரின் சொந்தக்காரருக்கு வயிற்றைக் கலக்கும். வரப்பில் ஓவியத் தாங்கியை நிறுத்தும் முன் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்காமல் நின்றால் அடுத்த நாள் முதல் நீங்கள் வேற்றாள்.

பிரெஞ்சு ஓவியர் ஜான் ஃப்ரான்சுவா மிலே 1849இல் குடும்பத்தோடு பாரிஸை விட்டு பார்பிசோன் கிராமத்துக்குப் போனார். அவர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1857இல் தீட்டிய 'கதிர் பொறுக்கும் பெண்கள்' படத்தில் மூன்று பெண்கள் குனிந்து, அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்ததைப் பொறுக்குகிறார்கள். தூரத்தில் போர் போராகக் குவிந்த விளைச்சல், குதிரையில் ஒரு மேற்பார்வையாளர். அந்த முதுகுகளின் வளைவைப் பார்த்தாலே, அந்த வேலையில் எங்கே வலிக்கும் என்று தெரிந்தவர் வரைந்தது என்று புரியும். வயலை மட்டும் பார்த்தவருக்கு அது வந்திருக்காது. நீங்கள் அங்கே போனால் முதல் சில வாரங்கள் பலகையைத் திறக்காமல் மனிதர்களிடம் பேசுங்கள். எந்த மாதம் ஆறு ஏறும், எந்தப் பாதை மூழ்கும், எந்தக் கிணறு வற்றும் என்று கேளுங்கள். அதெல்லாம் ஓவியத்துக்குள் வரும்.

பார்பிசோனைப் பற்றி இன்னொன்று. பாரிஸிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். மிலே போனபோது தியோடர் ரூசோ முதலிய ஓவியர்கள் அங்கே ஏற்கெனவே வரைந்துகொண்டிருந்தார்கள். ஊரில் இருந்த ஒரு விடுதியில் ஓவியர்கள் கூடுவார்கள், சண்டை போடுவார்கள், ஒருவர் படத்தை இன்னொருவர் குறை சொல்வார். கிராமத்துக்குப் போன ஓவியர்கள் என்றதும் தனிமையான ஒரு மனிதரைக் கற்பனை செய்கிறோம். உண்மையில் அவர்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். உங்கள் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் "அந்த நிழல் இடிக்குதே" என்று சொல்வதாக எரிச்சலோடு எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதம் யாருமே எதுவும் சொல்லாமல் இருந்தால் அந்தக் குரலுக்கு ஏங்குவீர்கள். போகும் முன் இரண்டு ஓவியர்களையாவது பிடித்து வையுங்கள். மாதம் ஒருமுறை படங்களை அனுப்பி, ஒளிக்காமல் பேசச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது நகரத்துக்கு வந்து நல்ல ஓவியங்களை நேரில் பார்த்துவிட்டுப் போங்கள்.

பணம்: ஒரே தாவலாகத் தாவ வேண்டாம்

நகரத்து வேலை சலித்து கிராமத்துக்குப் போக நினைப்பது பழைய ஆசை. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் கெய்ன்ஸ்பரோ, பணக்காரர்களின் உருவப்படங்களை வரைந்து அலுத்துப்போய், தன் இசைக்கருவியை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு இனிய கிராமத்துக்கு நடந்துபோய் நிலக்காட்சி வரைந்து மிச்ச நாளை நிம்மதியாகக் கழிக்க வேண்டும் என்று நண்பர் ஒருவருக்கு எழுதினார். அவர் போகவில்லை. 1774இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஆனால் நிலக்காட்சியை விடவும் இல்லை. மேஜை மேல் உடைந்த கல், காய்ந்த செடி, கண்ணாடித் துண்டுகளை வைத்து ஒரு குட்டி நிலத்தை உருவாக்கி அதைப் பார்த்து வரைந்தார். அப்படி வாழ்வதும் ஒரு வாழ்க்கைதான், அதைத் தோல்வி என்று நான் சொல்ல மாட்டேன். போனால் முழுக்கப் போக வேண்டும், இல்லாவிட்டால் கோழை என்று உங்களையே நீங்கள் மிரட்டுவது கடிதம் முழுக்கத் தெரிகிறது. நடுவில் நிறைய இடம் இருக்கிறது.

டாம் தாம்சன் நின்றது அந்த நடுவில்தான். 1912 முதல் வெயில் மாதங்களில் கனடாவின் அல்கான்குவின் காட்டுப் பூங்காவில் உங்களுடையதைப் போன்ற சின்னப் பலகைகளில் வரைந்தார். குளிர்காலத்தில் டொரன்டோவுக்குத் திரும்பி, அவற்றில் சிலவற்றைப் பெரிய கேன்வாஸில் தீட்டினார். காட்டில் இருந்த காலத்தில் வழிகாட்டியாகவும் தீக்காவலராகவும் வேலை பார்த்தார். ஜேம்ஸ் மெக்கல்லம் என்ற கண் மருத்துவர் ஓராண்டுச் செலவை ஏற்றுக்கொள்ள முன்வந்ததால்தான் வணிக வேலையிலிருந்து அவருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அவர் படங்களைப் பார்த்து நாம் நினைத்துக்கொள்கிற சுதந்திரத்துக்குப் பின்னால் இத்தனை ஏற்பாடு இருந்தது.

உங்கள் 14 மாதக் கணக்கைப் பார்ப்போம். இன்றைய செலவை வைத்துப் போட்ட கணக்கு அது. மனைவியின் சம்பளம் தொடருமா என்பது அதில் இல்லை. வீடு மாற்றும் செலவு, பழைய வீட்டின் கூரைப் பழுது, சட்டகம், வண்ணம், படங்களைச் சேதமில்லாமல் நகரத்துக்கு அனுப்பும் செலவு, மருத்துவத்துக்கு அலைகிற செலவு எதுவும் இல்லை. என் அனுபவத்தில் இப்படிப்பட்ட சேமிப்பைப் பாதி என்று வைத்துக்கொள்வதே பத்திரம். ஏழு மாதம். அந்த நேரத்துக்குள் நிலக்காட்சி ஓவியம் மட்டும் ஒரு குடும்பத்தைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது ஓவியத்தின் மேல் வைக்கும் அநியாயச் சுமை. சாப்பாட்டுக்காக வரைய ஆரம்பித்தால், வாங்குபவருக்குப் பிடித்த இல்லாத ஏரி மறுபடியும் வந்துவிடும்.

அதனால் ராஜினாமாக் கடிதத்துக்கு முன் நிறுவனத்திடம் வேறொரு கடிதம் கொடுங்கள். வாரத்தில் மூன்று நாள் வேலை, அல்லது தொலைவிலிருந்து வேலை, அல்லது வேலைக்கு ஏற்ற கூலி என்ற முறை, இதில் எதற்கு அவர்கள் ஒத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். 17 ஆண்டு பழகிய கையை ஒரேயடியாக இழக்க எந்த நிறுவனமும் யோசிக்கும். மறுத்தால் அப்போது முடிவு செய்யலாம். சேமிப்பில் பாதியைத் தொடக்கூடாத பணம் என்று மனைவி பெயரில் தனியாக வையுங்கள். திரும்பி வருவதற்கான நாளையும் இன்றே குறித்துவிடுங்கள். முன்கூட்டியே பேசி வைத்த நாளில் திரும்பினால் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

அப்புறம், அந்த 60 பலகைகள். அவற்றை யாரும் பார்க்காமல் இருப்பதற்கு நகரம் காரணம் இல்லை, நண்பரே. நீங்கள் காட்டவில்லை. காட்டினால் என்ன சொல்வார்களோ என்ற பயம் இயல்பானது. அந்தப் பயத்தைத் தூக்கிக்கொண்டு ஆறு மணி நேரம் பயணம் போனால் அதுவும் கூடவே வந்து ஆற்றங்கரையில் உட்காரும். 20 பலகைகளைத் தேர்ந்தெடுத்து, கிளம்பும் முன் இங்கேயே ஒரு சின்ன இடத்தில் வையுங்கள். விலை போட்டு வையுங்கள். எத்தனை விற்கிறது என்பதைவிட, எந்தப் படத்தின் முன் ஆட்கள் நிற்கிறார்கள் என்று பாருங்கள். இணையத்தில் போட்டால் விற்றுவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். கைக்குள் அடங்கும் பலகையில் வண்ணத்தின் தடிமன்தான் உயிர், அது திரையில் தெரியாது. முதலில் நேரில் பார்த்தவர்கள்தான் பிறகு திரையில் பார்த்தும் வாங்குவார்கள்.

"உங்கள் இஷ்டம்" என்றால் சம்மதமா?

மனைவி சம்மதித்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்ன வார்த்தையையும் மேற்கோள் குறிக்குள் கொடுத்திருக்கிறீர்கள்: "உங்க இஷ்டம்." நம் வீடுகளில் இந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று உங்களுக்கும் தெரியும். சில நேரம் அது அன்பு. பல நேரம், பேசிப் பயனில்லை என்ற அயர்ச்சி. அவருடைய வேலை என்ன ஆகும், அவர் அதை விரும்புகிறாரா, கிராமத்தில் அவர் நாள் எப்படிக் கழியும் என்று நான்கு பக்கத்தில் ஒரு வரி இல்லை. நீங்கள் காலையில் பலகையோடு கிளம்பிய பிறகு தண்ணீர், சமையல், மகளின் பள்ளி, பழுதான கூரை எல்லாம் யார் பொறுப்பு? அமைதியான வாழ்க்கை என்று நாம் சொல்வது பல நேரங்களில் இன்னொருவர் சத்தமில்லாமல் செய்யும் வேலை.

அவரிடம் "போகலாமா, வேண்டாமா?" என்று மறுபடியும் கேட்காதீர்கள். "அங்கே போனால் உனக்கு எது போகும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல், சமாதானம் சொல்லாமல், முழுவதையும் கேளுங்கள். அவர் சொல்வதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் எதற்கெல்லாம் உங்களிடம் ஏற்பாடு இருக்கிறது, எதற்கு இல்லை என்று அப்புறம் இருவரும் உட்கார்ந்து பாருங்கள். நான் பார்த்தவரையில் இப்படிப் போன குடும்பங்கள் உடைந்ததற்குப் பணம் மட்டும் காரணமாக இருந்ததில்லை. ஒருவருடைய கனவில் மற்றவர் விருந்தாளியாக இருந்ததுதான் காரணம்.

மகளுக்கு 11 வயது. தோழிகள் உலகமாக ஆகிற வயது. பள்ளி ஆண்டின் நடுவில் மாற்றாதீர்கள். முடிவு எடுக்கும் முன்பே அவளை அந்த ஊருக்கு ஒருமுறை கூட்டிப்போங்கள்.

எந்தப் படம் யாருடையது?

பொதுவான அடிப்படையைச் சொல்கிறேன். நாட்டுக்கு நாடு விவரம் மாறும் என்பதால் உங்கள் வேலை ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே எதிலும் கையெழுத்துப் போடுங்கள்.

1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் உலகின் பெரும்பாலான நாடுகள் சேர்ந்திருக்கின்றன. அதன்படி ஓர் ஓவியம் உருவானவுடனே பதிப்புரிமை பிறந்துவிடுகிறது, பதிவு செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் குறைந்தது 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். ஆனால் உரிமை முதலில் யாருக்கு என்பதில்தான் சிக்கல். சம்பளத்துக்கு இருந்து, வேலையின் பகுதியாக வரைந்தவை பல நாடுகளில் நிறுவனத்துக்கே சொந்தம். ஆகவே விளம்பரப் பின்னணிகளை உங்கள் கண்காட்சியில் வைக்கவோ அச்சிட்டு விற்கவோ வேண்டாம். உங்கள் வேலைத்திறனுக்குச் சான்றாகக் காட்டிக்கொள்ளலாமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பலகைகள் வேறு. சொந்த நேரத்தில், சொந்த வண்ணத்தில், வேலைக்குத் தொடர்பில்லாமல் வரைந்தவை வழக்கமாக உங்களுடையவை. முதலாளி கேட்டால் என்ன செய்வது என்ற உங்கள் பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள்: வேலையில் இருக்கும் காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்கு என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? விலகிய பின் குறிப்பிட்ட காலம் அதே வாடிக்கையாளர்களிடம் வேலை வாங்கக் கூடாது என்று இருக்கிறதா? இரண்டாவது வாசகம் இருந்தால், தனியாக விளம்பர வேலை எடுத்துப் பிழைக்கலாம் என்ற திட்டத்தையே அது பாதிக்கும்.

இனி விற்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். பலகையை விற்பதும் அதன் பதிப்புரிமையை விற்பதும் ஒன்றல்ல. வாங்கியவர் சுவரில் மாட்டலாம், நாட்காட்டியாக அச்சடிக்க உங்கள் அனுமதி வேண்டும். இதை ரசீதிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள். கலைக்கூடங்கள் விற்பனையில் பாதி வரை எடுத்துக்கொள்வது வழக்கம்தான், அதற்காகக் கோபப்பட வேண்டாம். ஆனால் எத்தனை படம் கொடுத்தீர்கள், எப்போது திருப்பித் தருவார்கள், சேதமானால் யார் பொறுப்பு, பணம் எத்தனை நாளில் வரும், இவை எழுத்தில் இல்லாமல் ஒரு படத்தையும் விட்டுவிட்டு வராதீர்கள். தூரத்தில் குடியிருப்பவர் திடீரென்று நேரில் போய்க் கேட்க முடியாது.

உடம்பு பற்றி இரண்டு வரி. வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனை வைத்து மூடிய அறையில் வரைந்துவிட்டு அங்கேயே தூங்காதீர்கள், கழிவை மண்ணிலோ கிணற்றருகிலோ கொட்டாதீர்கள். ஆளி விதை எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் ஊற்றி மூடிய உலோக டப்பாவில் போடுங்கள்.

கடைசியாக அந்த வீடு. பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மோனே 1883இல் ஜிவெர்னி கிராமத்தில் குடியேறியபோது அவருக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான், 42. முதலில் வாடகைக்குத்தான் எடுத்தார். விலைக்கு வாங்கியது 1890இல். பெயர்பெற்ற வைக்கோல் போர் வரிசையின் பெரும்பகுதியை அவர் வரைந்ததும் அந்த 1890, 91இல்தான், வீட்டுக்குப் பக்கத்து வயலில் நின்ற போர்களைப் பார்த்து. அங்கே வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் ஓவியங்களை விற்ற வியாபாரி த்யுரான் ருயெல் பாரிஸில் இருந்தார், மோனே அவரிடமிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டே இருந்தார்.

மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்கிற வீட்டுக்காரரிடம் மூன்று ஆண்டு வேண்டாம், மூன்று மாதத்துக்குத் தருவீர்களா என்று கேளுங்கள். மழை பிடிக்கும் மூன்று மாதமாகக் கேளுங்கள். சம்பளமில்லா விடுப்பில் நீங்கள் மட்டும் போங்கள், குடும்பம் இங்கேயே இருக்கட்டும், விடுமுறைக்கு வந்து பார்க்கட்டும். சுவர் ஓதம் ஏறுமா, பலகையில் பூஞ்சை பிடிக்குமா, வெளிச்சமே இல்லாத பத்து நாள் சேர்ந்து வந்தால் என்ன செய்வீர்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கொஞ்சம் கூடுதல் வாடகை கேட்டால் கொடுக்கலாம். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள், வேறு வீடு கிடைக்கும். அந்த மூன்று மாதத்தில் வரைந்த பலகைகளின் பின்னால் தேதியும் நேரமும் காற்றின் திசையும் எழுதி, அவற்றை மனைவியிடம் முதலில் காட்டுங்கள். அதற்கப்புறம் எனக்கு எழுதுங்கள். ராஜினாமாவைப் பற்றி அப்போது பேசலாம்.